ஆலயம் நிற்கும் நிலம்



வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் புதிய ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட இருக்கிறது. அதன் முகப்பில் பதிக்கவேண்டிய கல்வெட்டு மாமல்லபுரத்தில் ஒரு சிற்பியின் பட்டறையில் இருக்கிறது. சென்ற செவ்வாய்க்கிழமை அதைப் பார்க்கப் போயிருந்தேன். கருங்கல் பலகை மெருகேறி ஆயத்தமாய் இருந்தது. மேலே சிலுவை; அதன் கீழே ஆலயத்தின் பெயர்; அடுத்த வரியில் பிரதிஷ்டை நாள். மூன்றாவது வரி வெறுமையாய் இருந்தது. “எல்லாரும் முதல்லயே பேர் லிஸ்ட்டு கொடுத்துடுவாங்க ஐயா, நீங்கதான் இன்னும் கொடுக்கல” என்றார் சிற்பி.

கட்டடக் குழு இதற்காக இரண்டு முறை கூடி, இரண்டு முறையும் முடிவின்றிக் கலைந்ததை நீங்கள் அறிவீர்கள். யார் பெயர் முதலில் வரவேண்டும், எவ்வளவு காணிக்கை கொடுத்தவருக்குக் கல்லில் இடம் உண்டு என்ற பேச்சு எழுந்தபோது சிலருடைய மனம் புண்பட்டதும் எனக்குத் தெரியும். அதைக் குறித்து மேடையில் பேசுவதைவிட எழுதுவது நல்லது என்று தோன்றியதால் இந்த வாரத் தியானத்தைச் சரித்திரமாகவே எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆலயத்தின் சுவர்களும் கூரையும் எழும்பப் பதினான்கு மாதங்கள் போதுமானதாய் இருந்தன. ஆனால் அது நிற்கும் நிலத்துக்குரிய காகிதங்களை ஒழுங்குபடுத்த ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. ஓர் அலுவலகத்தில் நத்தம் என்றார்கள். இன்னொன்றில் புறம்போக்கு என்றார்கள். பழைய பதிவேட்டைக் கொண்டுவா என்றார்கள். அந்த அலைச்சலின்போது எனக்குச் சலிப்பே மிஞ்சியது. பின்னர்தான், செங்கல்பட்டுச் சீமையில் நம்மைப்போன்ற ஒரு சபை தனக்கென்று நான்கு சென்ட் நிலத்தைத் தேடிக்கொள்வது என்றைக்குமே எளிதாய் இருந்ததில்லை என்பதை வாசித்து அறிந்தேன்.

கடற்கரையோரம் போனால் வேறு கதை. கோவளத்தில் இருக்கும் கார்மேல் மாதா ஆலயத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னையில் பெருவணிகராய் விளங்கிய ஜான் டி மான்டி 1808-ல் அதைக் கட்டினார். தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரரின் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஆனால் அதற்குள் அவர்களுடைய கல்லறைகள், எழுத்தும் சித்திரமும் செதுக்கிய கற்களோடு இன்றும் இருக்கின்றன. பொருளும் அதிகாரமும் உள்ளவர்களுக்கு ஆலயம் கட்டவும் இடம் கிடைத்தது, அடக்கம்பண்ணவும் இடம் கிடைத்தது. கரையைவிட்டு உள்நாட்டுக்குள், ஏரிப்பாசன ஊர்களின் சேரிகளில் சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்ட நம் முன்னோருக்கோ காலூன்றும் இடமே அவர்களுடையதாய் இருக்கவில்லை.

அக்காலத்துச் செங்கல்பட்டு மாவட்டம் மிகப் பெரிது. காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அதற்குள் அடக்கம். 2019-ல் பிரிந்த இன்றைய சிறிய மாவட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு பழைய ஆவணங்களை வாசித்தால் குழப்பமே உண்டாகும். அந்தப் பெரிய சீமை முழுவதிலும் மிராசு என்னும் காணியாட்சி முறை வேரூன்றியிருந்தது. திருக்குறளில் ஈடுபாடு கொண்டவராய் நாம் அறிந்த எல்லிஸ் துரை, அந்த மிராசு உரிமையைக் குறித்தே தனியாக ஒரு நூல் எழுதினார். அது 1818-ல் வெளிவந்தது. ஊரின் நன்செய் புன்செய் மட்டுமன்று, தரிசின்மேலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. உழுதவன், நட்டவள், ஏரிக்கரையைக் காத்தவன் ஆகியோர் படியாட்களாய்க் கூலி நெல்லை அளந்து வாங்கினார்கள். அடிமைத்தனத்தைச் சட்டம் இனி அங்கீகரிக்காது என்று 1843-ல் கம்பெனி அரசு சட்டம் இயற்றியது. ஆனால் கடன் பத்திரம் இருந்தவரையில், குடிசை போட்ட மண் பிறனுடையதாய் இருந்தவரையில், அந்தச் சட்டம் சேரியின் வாசல்வரை வந்து சேரவில்லை.

அதே 1843-ல், கடல்களுக்கு அப்பால் ஸ்காட்லாந்தில் ஒரு காரியம் நடந்தது. நம் மாவட்டத்துச் சபைகளின் வேர் ஒன்று அங்கே இருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

அந்த நாட்டில் ஒரு சபைக்குப் போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலக்கிழார்களிடம் இருந்தது. சபையார் வேண்டாம் என்றாலும் நிலக்கிழார் அனுப்பியவரையே ஏற்றாகவேண்டும். இதை எதிர்த்து நீண்ட வழக்குகள் நடந்தன. கடைசியில் 1843 மே 18 அன்று எடின்பரோவில் பெரும் தொகையான போதகர்கள் திருச்சபைப் பேரவையிலிருந்து எழுந்து வெளியே போனார்கள். ஏறக்குறைய 470 போதகர்கள் தங்கள் ஆலயத்தையும், குடியிருந்த வீட்டையும், மாதச் சம்பளத்தையும் ஒருங்கே துறந்தார்கள். அவர்கள் அமைத்ததே சுயாதீனத் திருச்சபை.

ஆலயங்களை இழந்த சபைகள் புது ஆலயம் கட்ட முனைந்தபோது பல இடங்களில் நிலக்கிழார்கள் அடி நிலமும் தர மறுத்துவிட்டார்கள். விலைக்குக்கூடத் தரவில்லை. மைல் கணக்கில் ஒரே பிரபுவின் சொத்தாய் இருக்கும் பிரதேசத்தில் வேறு யாரிடம் கேட்பது? மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் ஆராதித்தார்கள். கேனன்பி என்ற ஊரில் பொது வழியிலேயே கூடினார்கள். மேற்குக் கடற்கரையில் ஸ்ட்ரோண்டியன் என்ற ஊரார் செய்தது எல்லாவற்றிலும் விந்தையானது. நிலக்கிழாராகிய ரிடெல் பிரபு இடம் தர மறுத்ததால், சபையார் 1,400 பவுன் திரட்டி இரும்பினால் மிதக்கும் ஆலயம் ஒன்றைச் செய்வித்தார்கள். 1846-ல் அதைக் கப்பலைப்போல் இழுத்துவந்து, சுனார்ட் என்ற கடற்கழியில் கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டார்கள். ஏறக்குறைய 700 பேர் அமரலாம். நிலம் பிரபுவுடையது, நீரின்மேல் அவருக்கு என்ன உரிமை என்பது அவர்கள் நியாயம். நூறு பேர் ஏறினால் அந்த ஆலயம் ஓர் அங்குலம் தண்ணீரில் அமிழுமாம். ஆகையால் எந்தப் போதகருடைய பிரசங்கத்துக்குக் கூட்டம் அதிகம் என்பதைக் கரையில் நின்றே அளந்துவிடலாம் என்று அவ்வூரார் வேடிக்கையாய்ச் சொல்வதுண்டாம். (நம் சபையில் அப்படி ஓர் அளவுகோல் இல்லாததற்காக நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.) ஆலயங்களுக்கு இடம் மறுக்கப்பட்டதை விசாரிக்க 1847-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு குழுவையே நியமிக்கவேண்டியதாயிற்று. பின்னர் பிரபுக்கள் ஒவ்வொருவராய் இறங்கிவந்தார்கள்.

இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்து மிஷனரிகளும் சுயாதீனத் திருச்சபையின் பக்கமே நின்றார்கள். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் தாம் வளர்த்த கல்விச்சாலையின் கட்டடத்தை விட்டு வெளியேறினார். சென்னையில் 1837-ல் பள்ளியைத் தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அவருடைய உடன் ஊழியர்களும் அவ்வாறே புதிய சபையைச் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளியின் கிளைகளே காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் தழைத்தன. செங்கல்பட்டுப் பள்ளிக்கு இன்றும் வழங்கும் புனித கொலம்பா என்ற பெயர், ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து படகேறி ஸ்காட்லாந்துக்குப் போன துறவியின் பெயர். அங்கே படித்தவர்கள் பலர் இதை வாசிக்கிறீர்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் நோக்கம் எல்லாம் நகரத்து உயர்குடி மாணவர்கள்மேல் இருந்தது. கிராமத்துச் சேரிகளோ தாங்களாகவே அவர்களைத் தேடிவந்தன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் எங்களுக்கும் ஒரு பள்ளிக்கூடம், எங்களுக்கும் ஓர் உபதேசியார் வேண்டும் என்று ஊர் ஊராய்க் கேட்டார்கள். அவ்வூர்களில் ஆலயம் என்பது பெரும்பாலும் கீற்றுக் கொட்டகை. வாரநாளில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, ஞாயிற்றுக்கிழமையில் ஆராதனை. அந்தக் கொட்டகைக்கு ஊன்றவேண்டிய நான்கு கால்களை எந்த மண்ணில் ஊன்றுவது? சேரியின் மண்ணும் மிராசுதாருக்கே உரியது என்று வாதிக்கப்பட்டது. எழுத்தறிந்த படியாள் கடன் பத்திரத்தை வாசித்துவிடுவான் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது; அது நியாயமான பயமே. ஆகையால் கொட்டகை போட்டவனுடைய குடிசைக்கே ஆபத்து வந்தது. அவனைக் குடியிருந்த இடத்தைவிட்டே எழுப்பிவிடலாம் என்னும் மிரட்டல் போதுமானதாய் இருந்தது.

ஸ்ட்ரோண்டியன் மக்களுக்குக் கடலாவது இருந்தது. நம் முன்னோருக்கு ஏரிதான் இருந்தது. ஏரித் தண்ணீரும் மிராசுதாரின் மடைக்கே பாய்ந்தது.

செங்கல்பட்டில் ஊழியம் செய்த சுயாதீனத் திருச்சபை மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் இருந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி ஆகியோர் இந்த நிலைமையை ஓயாமல் எழுதினார்கள். அவர்கள் எழுதியதற்கு வலுச்சேர்த்தவர் ஓர் அரசு அதிகாரி. மாவட்ட ஆட்சியராயிருந்த ட்ரெமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர் நிலைமையைக் குறித்து 1891-ல் ஓர் அறிக்கையை அரசுக்குக் கொடுத்தார். கடனால் கட்டுண்டிருப்பது, குடியிருக்கும் மனையின்மேல் உரிமையில்லாதது, தரிசு நிலம் கேட்டு மனுச் செய்தால் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்பது ஆகிய யாவும் அதில் வரிசையாய் எழுதப்பட்டன. அவருடைய பரிந்துரைகள் எல்லாவற்றையும் அரசு ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கி, பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு பின்னர் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு அதுவே அடிப்படை.

ஆண்ட்ரூ அரசாணையோடு நின்றுவிடவில்லை. நிலத்தைப் பெற்று, நிலமற்ற குடும்பங்களைக் குடியேற்றினார். சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் இன்று மல்ரோசாபுரம் என்று நாம் சொல்லும் ஊர் அப்படிப் பிறந்ததே. மெல்ரோஸ் என்பது ஸ்காட்லாந்தில் ஒரு சிற்றூர். நம் நாவில் ஏறி மல்ரோசாவாயிற்று. பெருந்து நிறுத்தத்தில் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மிதக்கும் ஆலயம் நினைவுக்கு வருகிறது.

இதை எழுதும்போது மிஷனரிகளைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு நேர்மையாய்த் தோன்றவில்லை. மிஷன் நிலத்தில் குடியேறியவர்கள் மிஷனுக்குக் குடிகளானார்கள். மிராசுதாருக்கு அஞ்சினவர் மிஷன் பங்களாவுக்கு அஞ்சவேண்டிய நிலைமையும் சில இடங்களில் உண்டாயிற்று. 1908-ல் இந்தச் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் அங்கமாயின. சொத்துக்களும் கைமாறின. அதன்பின் அவற்றை நாம் எப்படிக் காத்தோம் என்பதைச் சொல்லப்போனால் வெள்ளைக்காரனைக் குறைசொல்ல நமக்கு வாய் இராது. முன்னோர் குடிசையை இழந்து காத்த மண்ணை, காணிக்கைப் பெட்டியைவிடக் கவலையின்றிக் கையாண்டவர்கள் நம்மில் உண்டு.

பஞ்சமி நிலங்களும் நிபந்தனைகளை மீறிக் கைமாறின. 1994 அக்டோபர் 10 அன்று நான் இறையியல் கல்லூரி மாணவன். மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள காரணையின் பஞ்சமி நிலங்களைத் திரும்பக் கேட்டுச் செங்கல்பட்டில் போராடியவர்கள்மேல் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். மறுநாள் விடுதியின் வாசிப்பறையில் செய்தித்தாளைச் சுற்றிக் கூடி நின்றோம். எபிரெய இலக்கணத் தேர்வு அந்த வாரம் இருந்தது. ஆகாபின் அரமனைக்கு அருகில் இருந்த நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப்பற்றிய அதிகாரம் அந்தத் தேர்வுக்குரிய பகுதியில் இல்லை. இருந்தாலும் எங்களில் மூன்று பேர் அன்றிரவு அதைத்தான் வாசித்தோம். அவ்விருவரையும் மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூருகிறார்கள். நம் மன்றாட்டு ஜெபத்தில் அவர்கள் பெயர்களை நான் சொல்லும்போது இது யார் என்று இளைஞர்கள் கேட்டதுண்டு. கேட்டவர்களுக்கு இது பதில்.

ஆலயப் பிரதிஷ்டை என்றவுடன் நமக்கு சாலொமோன் நினைவுக்கு வருகிறான். அவன் ஏறெடுத்த ஜெபத்தை ஞாயிறன்று வாசிக்கவும் போகிறோம். ஆனால் அதே ராஜாக்களின் புஸ்தகத்தில் மூன்று அதிகாரங்கள் முன்னே போனால், அந்த ஆலயத்துக்கு மரமும் கல்லும் சேர்க்க முப்பதினாயிரம் அமஞ்சி ஆட்கள் பிடிக்கப்பட்ட செய்தி இருக்கிறது. அமஞ்சி என்ற சொல்லை இன்று பலர் வேதாகமத்தில் மட்டுமே பார்க்கிறீர்கள். நம் பாட்டன்மார் அதை வயலில் அறிந்திருந்தார்கள். கூலியில்லாமல் வாங்கப்படும் வேலை என்பது அதன் பொருள்.

எனக்கு சாலொமோனைவிட அவன் தகப்பன் செய்த காரியமே நெருக்கமாய்த் தோன்றுகிறது. எபூசியனாகிய அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாகவே தரவந்தான், கேட்டவன் ராஜா. தாவீது அதை அப்படி வாங்கச் சம்மதியாமல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தான். பிற்காலத்தில் ஆலயம் எழும்பியது அந்தக் களத்தின்மேல். அதற்கு வெகுகாலம் முன்னே ஆபிரகாமும் மனைவியை அடக்கம்பண்ண ஒரு குகையை நானூறு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினான். வாக்குத்தத்தம்பண்ணப்பட்ட தேசத்தில் அவன் விலைக்கு வாங்கிய முதல் நிலம் ஒரு கல்லறை. ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை நிதானமாய் வாசித்துப் பாருங்கள்: நிலம், அதிலுள்ள குகை, எல்லைகளில் நிற்கும் மரங்கள், ஊர்வாசலில் இருந்த சாட்சிகள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நாம் எழுதும் நான்கெல்லை விவரத்துக்கும் அதற்கும் அதிக வேற்றுமை இல்லை. நில உரிமை ஆவியானவருக்குச் சம்பந்தமில்லாத உலகக் காரியம் என்று ஆதியாகமத்தை எழுதினவர் எண்ணியிருந்தால் மரங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்க மாட்டார்.

நம்முடைய நான்கு சென்டுக்கும் சாட்சிகள் உண்டு. இப்போது நாம் இடித்துவிட்ட ஓட்டுக் கட்டடத்துக்கு முன் அங்கே கீற்றுக் கொட்டகை இருந்தது. அதற்காகத் தங்கள் மனையில் பாதியை விட்டுக்கொடுத்த இரண்டு குடும்பங்களும் அப்போது அந்த மனைக்குப் பட்டா இல்லாதவர்கள். குடியிருப்பு மனைகளை அனுபவித்தவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-ல் வந்தபோதுதான் அவர்கள் பெயரில் காகிதம் எழுதப்பட்டது. ஆகவே, சட்டப்படி தங்களுக்குச் சொந்தமாகாத ஒன்றைச் சபைக்குக் கொடுத்து, அதற்காக வயலில் வேலை மறுக்கப்பட்டு, இரண்டு பருவம் மதுராந்தகம் பக்கம் கரும்பு வெட்டப் போனார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நம் மத்தியில் இருக்கிறார்கள். தங்கள் பெயரைக் கல்லில் போடும்படி அவர்கள் கேட்கவில்லை. காணிக்கைப் பட்டியலில் அவர்களுடைய தொகை நடுவில் எங்கோ இருக்கிறது.

நேற்று மாலை கட்டடக் குழு மூன்றாம் முறை கூடியது. நான் இதுவரை உங்களுக்குச் சொன்னதையே அங்கும் சொன்னேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு நம் பொருளாளர், பெயர்ப் பட்டியலை மடித்துத் தம் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு, ரசீது எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, அது போதும் என்றார். மற்றவர்களும் சம்மதித்தார்கள். ஒருவருக்கு மட்டும் இன்னும் வருத்தம் உண்டு. அவரை நாளை வீட்டில் போய்ச் சந்திக்கிறேன்.

இன்று காலை சிற்பிக்குத் தொலைபேசியில் மூன்றாவது வரியைச் சொன்னேன். நிலத்தின் புல எண், உட்பிரிவு எண், பரப்பு. அவர் இரண்டு முறை திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். “பேர் எதுவும் வேணாமா ஐயா?” என்றார். வேண்டாம் என்றேன். சனிக்கிழமை கல் வந்து சேரும். இறக்குவதற்கு வாலிபர்கள் மாலை நான்கு மணிக்கு வரவேண்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லாரும் தற்காலிகக் கொட்டகையின் முன் கூடுங்கள். அங்கிருந்து பாடலோடு பவனியாய்ப் புதிய ஆலயத்துக்குச் செல்வோம். வாசலில் பேராயர் கதவைத் தட்டும்போது சாவியை அவரிடம் கொடுப்பதற்கு, நான் மேலே சொன்ன இரண்டு குடும்பங்களிலிருந்தும் ஒவ்வொருவரை அழைத்திருக்கிறேன். அவர்கள் கூச்சப்படுகிறார்கள். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.